கடைப் பவுடரும் லோஷனும் தோலில் வேலையைக் காட்டும்போது: தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் மருந்துக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் என்னைப் போன்றவர்களுக்குக் காதில் தேய்ந்துபோன வாக்கியம் ஒன்று உண்டு: "அரிப்புக்கு ஏதாச்சும் குடுங்க." யாருக்கு, எந்த இடத்தில், எத்தனை நாளாக என்று திருப்பிக் கேட்டால் பலருக்கு முகம் சுருங்கிவிடும். பவுடர்தானே, லோஷன்தானே, இதற்கெல்லாம் விசாரணையா என்பார்கள்.

முன்பு ஒவ்வொரு தோட்டத்திலும் டிரஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்தார். அவர் கொடுத்ததெல்லாம் சரியான மருந்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொழிலாளர் லயத்தில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு இழுப்பு (ஆஸ்துமா), எந்தப் பாட்டிக்கு இனிப்புநீர் (நீரிழிவு) என்று அவருக்குத் தெரியும். தோட்டம் துண்டாடப்பட்டு ஆட்கள் தாமான் என்ற வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்த பிறகு அந்த விசாரணை நின்றுபோனது. கடையிலும் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் வாட்ஸ்அப்பிலும் கிடைப்பதை நாமே எடுத்துப் பூசிக்கொள்கிறோம். அதனால் அந்த விசாரணையை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அரிப்பு அடங்குவது வேறு, கோளாறு ஆறுவது வேறு. மருந்து பவுடரில் இருக்கும் மெந்தால் தோலின் சூட்டைக் குறைப்பதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். பூசிய கையோடு சுகம் தருகிற எதையும் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

முதல் படி: என்ன கோளாறு என்று பிரித்துப் பாருங்கள்

பக்கவிளைவு என்று வருவதில் கணிசமான பங்கு, தப்பான கோளாறுக்குச் சரியான மருந்தைப் போடுவதால் வருவது.

வேர்க்குரு வேர்வைக் குழாய் அடைபட்டு வருவது. கழுத்து, முதுகு, இடுப்புப் பட்டி அழுத்தும் இடம் என்று பொடிப்பொடியாக இருக்கும். இதற்கு முதல் மருந்து காற்றும் குளிர்ந்த தண்ணீரும் தளர்ந்த பருத்திச் சட்டையும்தான். அதன்மேல் எண்ணெய்ப் பசையுள்ள களிம்பைப் பூசினால் அடைப்பு கூடும். பவுடரை அப்பினாலும் வேர்வையோடு சேர்ந்து களியாகி அதே கதைதான்.

படர்தாமரை வட்டமாக இருக்கும். ஓரம் சிவந்து தடித்து, நடுப்பகுதி தெளிந்திருக்கும். தேமல் அரிப்பு அதிகமில்லாத வெளிர் திட்டு. இரண்டுமே பூஞ்சைதான், அதற்குரிய மருந்து வேண்டும். வேர்க்குரு பவுடர் எத்தனை டப்பா கொட்டினாலும் இவை போகாது.

சொறிசிரங்கு ராத்திரியில்தான் கொல்லும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, வீட்டில் ஒருவருக்கு வந்தால் இன்னொருவருக்கும் வரும். ஹாஸ்டலில் இருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளை கூடவே கொண்டுவந்துவிடும்.

அப்புறம் நம் ஊர் விசேஷம், மலாய்க்காரர்கள் செமுட் காயாப் என்று சொல்லும் பூச்சி. எறும்பு போலத் தெரிந்தாலும் அது ஒரு வண்டு, ஆரஞ்சும் கறுப்புமாக இருக்கும். ராத்திரி விளக்கு வெளிச்சத்துக்கு வந்து மேலே விழும். அது கடிப்பதில்லை, நாம் நசுக்கினால்தான் உடம்பிலுள்ள பெடெரின் என்ற விஷம் தோலில் படுகிறது. படும்போது ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ கோடு இழுத்த மாதிரி சிவந்து, கொப்பளித்து, எரியும். முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று அச்சு வைத்ததுபோல் இரண்டு புண் இருக்கும். இதைப் பார்த்து அக்கி என்று பயந்து, தைலத்தைத் தேய்த்து விஷத்தை இன்னும் பரப்பிக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கிறது. சோப்பு போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வைத்து, எதையும் தேய்க்காமல் இருப்பது நல்லது. கொப்புளம் பெரிதாக இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள்.

செம்பனைக் காட்டில் மருந்தடிப்பவர்களுக்கும், ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட்டைத் தொடுபவர்களுக்கும் தோல் எரிந்தால் அது வேறு சங்கதி. பவுடர், எண்ணெய், லோஷன் எதுவும் கூடாது. உடுப்பைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை. ஆனால் ஸ்டோர் மூலையில் பழைய போத்தல் கிடந்தால் தடை உத்தரவு அதைத் தேடி வராது. அது மேலே பட்டால் கழுவிவிட்டு, போத்தலின் லேபிளோடு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாம் படி: டப்பாவைத் திருப்புங்கள்

முன்பக்கத்தில் பனிமலையும் சிரிக்கும் குழந்தையும் இருக்கும். சேதி எல்லாம் பின்பக்கத்தில்தான், அதுவும் பொடி எழுத்தில். போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

முதலில் பதிவெண். மலேசியாவில் மருந்தாகப் பதிவான பொருளில் எம்.ஏ.எல். என்ற மூன்று ஆங்கில எழுத்தும், எட்டு இலக்கமும், அதன் பிறகு ஓர் எழுத்தோ சில எழுத்துகளோ இருக்கும். இலக்கத்துக்குப் பின் வரும் முதல் எழுத்து எக்ஸ் என்றால் சாதாரணமாக வாங்கக்கூடிய மருந்து. டி என்றால் பாரம்பரிய மருந்து. ஏ என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, அதை மருத்துவரோ மருந்தாளரோதான் கொடுக்க வேண்டும். டப்பாவில் "ஊபாட் தெர்காவால்" என்றும் அச்சிட்டிருக்கும். அழகுசாதனமாக மட்டும் அறிவிக்கப்பட்ட பொருளுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கும் எண் இருக்கும். அது நோயைக் குணமாக்கும் என்று விற்கப்பட்டால் அப்போதே சந்தேகப்படுங்கள். எந்த எண்ணும் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம். எண் இருந்தால் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டிப் பார்க்கலாம். போலி எண் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து உட்பொருள்.

சாலிசிலிக் அமிலம் பல பவுடர், தேமல் மருந்து, கால் ஆணி மருந்து எல்லாவற்றிலும் உண்டு. தடித்த தோலை உரிப்பது அதன் வேலை. மெல்லிய தோலையும் உரிக்கும். பழைய வைட்ஃபீல்டு களிம்பில் இது 3 சதவீதம், பென்சோயிக் அமிலம் 6 சதவீதம். பாதத்துச் சேற்றுப்புண்ணுக்கு நல்ல மருந்துதான், ஆனால் அதையே தொடை இடுக்கில் பூசிய ஆளைக் கேட்டுப் பாருங்கள், இரண்டு நாள் கால் அகட்டி நடந்த கதையைச் சொல்வார். உடம்பின் பெரும்பகுதியில் நாள்கணக்கில் பூசினால் இது ரத்தத்தில் சேரும். காதில் ரீங்காரம், வாந்தி, மூச்சு வேகமாவது அதன் அடையாளம். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதையும் தவிர்க்க வேண்டும்.

இதன் உறவுதான் வலித் தைலங்களில் வாசனை தூக்கலாக வரும் மெத்தில் சாலிசிலேட். விண்டர்கிரீன் எண்ணெயாக இருந்தால் ஒரே தேக்கரண்டியில் சுமார் 7 கிராம் சாலிசிலேட் இருக்கும். தவழும் குழந்தை அதைக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதய நோய்க்கு வார்ஃபரின் சாப்பிடும் பெரியவர்கள் முழங்காலுக்குத் தினமும் தேய்த்தால் ரத்தம் உறைவது இன்னும் தாமதமாகும். ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றல் என்று வந்தால் தைலத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தைலத்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதுதான் சிக்கல்.

போரிக் அமிலம் பழைய பாணிப் பவுடர்களில் இருக்கும். நல்ல தோல் இதை அதிகம் உள்ளே விடாது, புண்பட்ட தோல் விட்டுவிடும். டயாப்பர் புண்ணில் தூவி, குழந்தைகள் நஞ்சேறிப்போன சம்பவங்கள் மருத்துவ வரலாற்றில் உண்டு. வாந்தி, பேதி, உடம்பெல்லாம் சிவந்து உரிதல், வலிப்பு வரை போகும். குழந்தைக்கு இது வேண்டவே வேண்டாம்.

டால்க் மருந்தல்ல, பவுடரின் உடம்பு. மூச்சுக்குள் போனால் நுரையீரலை உறுத்தும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024 ஜூலையில் டால்க்கை, மனிதர்களுக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பிரிவில் வைத்தது. இதற்காக இத்தனை வருஷம் பவுடர் போட்டவர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பெண்கள் பிறப்புறுப்புப் பகுதியில் போடுவதை நிறுத்தினால் போதும், அங்கே பவுடருக்கு எந்த வேலையும் இல்லை.

காலமைன் லோஷன் இவற்றில் சாது. பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு, நிறத்துக்குக் கொஞ்சம் இரும்பு ஆக்சைடு. தோலை வறட்டும், மேல்மேல் பூசினால் பொருக்குத் தட்டும், அவ்வளவுதான். ஆனால் சில லோஷன்களில் காலமைனோடு டைஃபென்ஹைட்ரமின் என்ற அரிப்பு மருந்தும் கலந்திருக்கும். அம்மை போட்ட பிள்ளைக்கு உடம்பு முழுக்க அதைப் பூசி, அரிப்புக்கு மாத்திரையும் கொடுத்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். பிள்ளை உளறும், இல்லாததைப் பார்த்துப் பயப்படும், படபடக்கும். அம்மை உக்கிரம் என்று வேப்பிலையை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காமல் லோஷனைப் பாருங்கள்.

நியோமைசின், பென்சோகெய்ன், லேனோலின், வாசனைப் பொருட்கள், பதப்படுத்திகள், இவை ஒவ்வாமைக்குப் பேர்போனவை. ஒருமுறை தோல் இவற்றை விரோதியாக நினைத்துவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது.

ஸ்டீராய்டு: இதற்குத் தனி இடம்

செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் கடைக்கு வந்தார். இடுப்பைச் சுற்றி அரிப்பு. சட்டையைத் தூக்கிக் காட்டியபோது படர்தாமரை மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஓரம் தெளிவில்லை, திட்டு மட்டும் இடுப்பில் இருந்து தொடை வரை இறங்கியிருந்தது. பையில் இருந்து பாதி சுருட்டிய ஒரு டியூபை எடுத்தார். இந்தியா போய்வந்த சொந்தக்காரர் பத்து டியூப் வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தாராம். "ரெண்டே நாள்ல அரிப்பு போயிரும்க்கா, விட்டா திரும்ப வந்துரும். நல்ல மருந்து." டியூபில் குளோபெட்டசால் என்ற கடும் ஸ்டீராய்டும், ஒரு பூஞ்சை மருந்தும், ஒரு கிருமிக்கொல்லியும் சேர்ந்திருந்தன. தொடை இடுக்கில் தோல் காகிதம் போல மெலிந்து, பிரசவித்த வயிற்றில் இருப்பதுபோல ஊதா வரிகள் ஓடியிருந்தன. அந்த வரி திரும்ப மறையாது.

நடப்பது இதுதான். ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பை அடக்குகிறது. சிவப்பும் அரிப்பும் அந்த எதிர்ப்பின் அடையாளம் என்பதால் அவையும் அடங்குகின்றன. பூஞ்சைக்குக் கொண்டாட்டம், யாரும் தடுக்காமல் பரவுகிறது. மருத்துவர்கூடச் சுரண்டிப் பரிசோதித்தால்தான் கண்டுபிடிக்க முடியும் என்ற அளவுக்கு உருமாறிவிடும். முகத்தில் போட்டால் சிவந்து பரு கிளம்பும், நிறுத்தினால் எரியும். கண் பக்கத்தில் நாள்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் கூடலாம். இந்தியாவிலேயே 2018-ல் 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று பட்டியலில் சேர்த்தார்கள்.

ஆபத்து டியூபில் மட்டும் இல்லை. மூலிகை, முழுக்க இயற்கை, பாட்டி வைத்தியம் என்று விற்கும் களிம்புகளிலும், பசார் மாலாம் முகவெளுப்பு கிரீம்களிலும் சொல்லாமல் கலக்கிறார்கள். ஸ்டீராய்டு, பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் இருந்ததற்காக இங்கே கட்டுப்பாட்டு நிறுவனம் பல அழகுசாதனங்களின் அறிவிப்பை ரத்து செய்துவருகிறது. எழுத்தில் பெயரில்லாத ஒரு களிம்பு எந்த அரிப்பையும் இரண்டே நாளில் அடக்குகிறது, நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்புகிறது என்றால், அது ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மருத்துவர் அளவு சொல்லி, நாள் குறித்துக் கொடுக்கும் ஸ்டீராய்டைப் பயந்து தூக்கிப் போடாதீர்கள். கரப்பான் என்ற தோல் அழற்சிக்கு அது தேவையான மருந்து.

மூன்றாம் படி: யாருக்குப் போடுகிறோம்

கைக்குழந்தையின் தோல் மெல்லியது, எடைக்குப் பரப்பு அதிகம். பெரியவர் தாங்குவதைக் குழந்தை தாங்காது. டயாப்பர் மூடிய இடத்தில் பூசுவது, பூசிவிட்டு பிளாஸ்டிக்கால் கட்டுவதற்குச் சமம், மருந்து பல மடங்கு உள்ளே போகும்.

நம் வீடுகளில் சளிக்குச் சூடத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது உண்டு. பாட்டி கோபித்தாலும் பரவாயில்லை, இரண்டு வயதுக்குக் கீழே இதைச் செய்யாதீர்கள். கற்பூரம் தோல் வழியாகவும் ஏறும், குழந்தைக்கு வலிப்பு வரவழைக்கும். அமெரிக்காவில் சீட்டில்லாமல் விற்கும் பூச்சு மருந்தில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அடுப்படியில் காய்ச்சுவதில் எத்தனை சதவீதம் என்று யார் அளப்பது? மெந்தால் தைலத்தைக் குழந்தையின் மூக்கருகே வைத்தாலும் மூச்சு திணறிப்போகலாம்.

ஜி6பிடி என்ற ரத்த நொதி குறைபாடு உள்ள பிள்ளைகள் இன்னும் கவனம். மலேசியாவில் பிறந்தவுடனே தொப்புள்கொடி ரத்தத்தில் இதைப் பார்த்துவிடுவார்கள், குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் எழுதியிருக்கும். அப்படி இருந்தால் அந்துருண்டை போட்டு வைத்த துணிகூட ஆகாது, ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும். கற்பூரம், மெந்தால் கலந்தவற்றையும் தள்ளி வையுங்கள். கடைக்கு வரும்போதே "பிள்ளைக்கு ஜி6பிடி" என்று சொல்லிவிடுங்கள்.

இனிப்புநீர் உள்ளவர்கள் கால் ஆணி பிளாஸ்டரை வாங்கவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், அமிலம் தோலை அரித்துப் புண்ணாவது தெரியாது. கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் மருந்தாளரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். இழுப்பு உள்ளவர் வீட்டில் பவுடர் பறக்கக் கூடாது.

நான்காம் படி: போடும் விதம்

புது மருந்தென்றால் முழங்கையின் உட்பக்கம் ஒரு ரிங்கிட் நோட்டின் கால்வாசி அளவு இடத்தில் தினம் இருவேளை போட்டு, மூன்று நாள் பாருங்கள். ஒவ்வாமை பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். காலையில் பூசி மத்தியானம் ஒன்றும் ஆகவில்லை என்பது சோதனையே அல்ல.

பவுடரைக் குழந்தை மேல் நேராகக் குலுக்காதீர்கள். தள்ளி நின்று உங்கள் உள்ளங்கையில் கொட்டி, தட்டி, ஒற்றி எடுங்கள். கழுத்து மடிப்பில் பழைய பவுடரின் மேல் புதியதைப் போட வேண்டாம், கழுவித் துடைத்த பிறகே போடுங்கள். கசியும் புண்ணில் பவுடர் கூடவே கூடாது.

களிம்புக்கு அளவு எளிது. டியூபில் இருந்து பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியில் இருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும்.

படர்தாமரைக்குக் குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை மருந்து போட்டால், தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். சிரங்கு லோஷனோ நேர்மாறு. பெர்மெத்ரின் என்றால் கழுத்தில் இருந்து கால்விரல் வரை பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் கழுவி, ஒரு வாரம் கழித்து மறுபடி. வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே நாளில். இன்னொரு சிரங்கு மருந்தான பென்சைல் பென்சோவேட் கீறிய தோலில் நன்றாகவே எரியும், பிள்ளைகளுக்கு நீர்த்த வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். சிரங்கை உண்டாக்கும் பூச்சி செத்த பிறகும் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரம் இருக்கும். இது தெரியாமல் தினமும் லோஷனை ஊற்றிக்கொள்பவர்களுக்குச் சிரங்கு போய், லோஷன் புண் வந்து சேர்கிறது.

ஒரே இடத்தில் காலையில் ஒன்று, ராத்திரி வேறொன்று என்று கலக்காதீர்கள். கெட்டால் எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பாரஃபின் களிம்பு ஊறிய துணியோடு சாமி விளக்குப் பக்கம் போகவும் வேண்டாம், சட்டென்று பற்றும்.

ஐந்தாம் படி: பக்கவிளைவை அடையாளம் காணுங்கள்

பூசிய உடனே எரிந்து, பூசிய இடத்தோடு நின்றால் அது உறுத்தல். ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பு கூடி, பொடிக் கொப்புளம் வந்து, பூசாத இடத்துக்கும் பரவினால் ஒவ்வாமை. "மருந்து விஷத்தை வெளியே தள்ளுது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி நம்பி இன்னும் கொஞ்சம் பூசுவதால்தான் சின்ன கோளாறு பெரிதாகிறது.

உதடோ கண்ணிமையோ வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தால் யோசிக்க நேரமில்லை. 999. குழந்தை மயங்கிக் கிடந்தாலும், வலிப்பு வந்தாலும், மருந்தைக் குடித்துவிட்டாலும் அதேதான். குடித்த பிள்ளையை வாந்தியெடுக்க வைக்காதீர்கள்.

ஆறாம் படி: வந்துவிட்டால்

நிறுத்துங்கள். பவுடராக இருந்தால் முதலில் துணியால் தட்டி எடுத்துவிட்டு, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். களிம்பென்றால் மென்மையான சோப்பு. குளிர்ந்த ஈரத்துணி பத்து நிமிஷம். வாசனையில்லாத சாதாரண வாஸ்லின் தவிர வேறெதுவும் வேண்டாம். மஞ்சள், எலுமிச்சை, பற்பசை எல்லாம் சமையலறையிலும் குளியலறையிலும் இருக்கட்டும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்துக் கறுக்கும். மாதக்கணக்கில் போட்டு வந்த ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக வெட்டென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டு நாளில் குறையவில்லை, சீழ் வைக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, முகத்திலோ பிறப்புறுப்பிலோ இருக்கிறது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் சுகாதாரக் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். டப்பாவை மட்டும் மறக்காதீர்கள். "வெள்ளை டப்பா, பச்சை மூடி" என்றால் எந்த மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாது. கழுவுவதற்கு முன் எடுத்த படம், எந்தத் தேதியில் தொடங்கியது, கூடவே சாப்பிடும் மாத்திரைகள், இவையும் இருந்தால் நல்லது.

நஞ்சு பற்றிய சந்தேகத்துக்குப் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். பக்கவிளைவைக் கட்டுப்பாட்டு நிறுவனத்துக்கு நீங்களே தெரிவிக்கலாம், பயனீட்டாளருக்கென்று கொன்செர்ஃப் என்ற தனிப் படிவம் அவர்களது இணையதளத்தில் இருக்கிறது. மருந்தின் பெயர், பதிவெண், என்ன ஆனது, எப்போது ஆனது என்று எழுதினால் போதும். எழுத வரவில்லை என்றால் டப்பாவோடு மருந்தாளரிடம் போங்கள், உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பார்.